எலக்ட்ரிக் கார் பேட்டரியில இருந்து கிரிட்டுக்கு (ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டு போற மின் வலையமைப்பு) கரண்ட் திருப்பிக் குடுத்தா பேட்டரி சீக்கிரம் போயிடாதா?

எப்படி எடுக்குறோம்ங்கறத பொறுத்து இருக்குங்க. தினமும் பேட்டரிய அடி வரைக்கும் காலி பண்ணி திரும்ப ஏத்துனா கண்டிப்பா தேய்மானம் கூடும், ஆனா கிரிட்டுக்கு பெரும்பாலும் அது தேவையே இல்ல. கரண்ட் தேவையும் உற்பத்தியும் ஒவ்வொரு நொடியும் சமமா இருக்கணும், இல்லன்னா 50 ஹெர்ட்ஸ் (சில நாடுகள்ல 60) ஃப்ரீக்வென்சி, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தன தடவ அலையடிக்குதுங்கற அளவு, ஏறி இறங்கிடும், அத சரி பண்ண கார்ல இருந்து கொஞ்ச நேரம் கொஞ்சம் எடுத்து உடனே திருப்பி ஏத்துனா போதும், இந்த மாதிரி சின்ன சின்ன ஏற்ற இறக்கம் பேட்டரிய பெருசா பாதிக்காது. உண்மையில வெயில்ல 100 சதவீதம் சார்ஜோட நாள்கணக்கா நிறுத்தி வைக்கிறதுதான் அதவிட மோசம்!

10 கிலோவாட் குடுக்குற 1000 கார் சேர்ந்தா 10 மெகாவாட், அதுவும் சும்மா நிக்கிற வண்டிங்க. டெலாவேர் பல்கலைக்கழகத்து வில்லெட் கெம்ப்டனும் ஸ்டீவன் லெட்டெண்ட்ரேவும் 1997லயே இந்த யோசனைய கட்டுரையா எழுதிட்டாங்க. தடங்கல் எங்கன்னா, கரண்ட் ரெண்டு பக்கமும் போற சார்ஜர் வேணும், விலை ஜாஸ்தி, காரும் அதுக்கு ஒத்துழைக்கணும். பழைய நிசான் லீஃப் மாடல்கள் சாடெமோங்கற ஃபாஸ்ட் சார்ஜிங் போர்ட் வழியா ரொம்ப நாளா செய்யுது, சிசிஎஸ்ங்கற இன்னொரு வகை ஃபாஸ்ட் சார்ஜிங் போர்ட் இருக்குற வண்டிகளுக்கு இதுக்கான ஐஎஸ்ஓ 15118-20 ஸ்டாண்டர்ட் 2022லதான் வந்துச்சு.

என்ன கேட்டா, மொதல்ல சாயங்கால பீக் நேரத்துல சார்ஜ் போடாம டைமர் வச்சு ராத்திரிக்கோ, சோலார் நிறைய வர்ற மதியத்துக்கோ மாத்துங்க. அதுக்கு புது சார்ஜர் எதுவும் வேண்டாம், பேட்டரிக்கும் கூடுதல் தேய்மானம் கிடையாது, கிரிட்டுக்கு இதுவே பெரிய உதவி.