தை மாதப் படமும் வைகாசிப் படமும்

கேள்வி: எங்கள் ஊர் நாங்குநேரி பக்கம். குளத்து உள்வாயை, அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பரப்பை, மேடாக்கி மனை போட்டுவிட்டார்கள். கேட்டால், "குளம் அப்படியேதான் இருக்கிறது" என்கிறார்கள். என் மகன் கூகுள் எர்த்தில் 2 படங்கள் எடுத்துத் தந்தான். பழையதில் தண்ணீர் ததும்புகிறது, புதியதில் சொட்டுக்கூட இல்லை. இதை வைத்து மனு கொடுக்கலாமா ஐயா?
- ஒரு வாசகி

பதில்: கொடுங்கள் அம்மா, ஆனால் அந்த 2 படங்களோடு வேண்டாம். முதலில் அவை எந்த மாதத்தில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். உங்கள் பக்கத்துக் குளங்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. தையில் மறுகால் பாயும் குளம் வைகாசியில் வெடித்துக் கிடக்கும். மாதம் மாறிய படங்களை ஒப்பிட்டால் எந்தக் குளமும் காணாமல் போனதாகத்தான் தெரியும். எதிரே இருப்பவர் அது ஒன்றைச் சொல்லியே மனுவைத் தள்ளிவிடுவார்.

ஆகவே எல்லாம் ஜனவரிப் படமாக இருக்கட்டும். அப்போது மேகமும் விலகியிருக்கும். ஆண்டைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 2016-ல் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் குளம் காய்ந்திருந்தால் அதற்கு மழைதான் காரணம். ஆனால் 2023 டிசம்பர் 17, 18-ல் நம் மாவட்டமே மிதந்ததே, அதற்கு அடுத்த ஜனவரியிலும் உள்வாயில் தண்ணீர் ஏறாத துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் விரல் வைக்க வேண்டிய இடம் அது. அந்த வெள்ளத்தில் கரை உடைந்த குளங்களும் உண்டு. கரை உடைந்திருந்தால் தண்ணீர் ஏறாததற்கு அதுவே காரணமாகலாம். உங்களுடையது உடைந்ததா என்பது உங்களுக்கே தெரியும்.

பழைய படத்துக்கு லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை இருக்கிறது. 1972-லிருந்து எடுத்து வருகிறார்கள், 2008 முதல் இலவசம். 1984-க்குப் பிந்தைய படங்களில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர் சதுரம், அதாவது சுமார் 22 சென்ட். குளப்பரப்பு சுருங்கியதை அது காட்டும், 5 சென்ட் மனையைக் காட்டாது. மனைக்கு, 2015-ல் ஏவப்பட்ட சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்களைப் பாருங்கள். அதில் ஒரு புள்ளி இரண்டரை சென்ட். அதையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்தப் படங்களை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரையும் சிவப்பு நிறமாகக் காட்டிப் பார்ப்பது வழக்கம். இலைகள் அந்தக் கதிரை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் செடிகொடி சிவப்பாகத் தெரியும். தண்ணீர் அதை விழுங்கிவிடும், கறுப்பாகத் தெரியும். வைகாசியில் உள்வாய் செக்கச்செவேலென்று இருந்தால் யாரோ பயிர் வைத்திருக்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அது சீமைக்கருவேலம். படத்தைப் பார்த்துத் தானாக வகைபிரிக்கும் கணினியும் இதில் ஏமாறும். நேரில் போய், இடக்குறிப்பு விழும்படி கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். இந்த நடையைத் தவிர்த்துவிட்டுச் செயற்கைக்கோளை மட்டும் நம்புகிறவர்களை என்னால் ஏற்கவே முடியாது.

அப்புறம், நிலத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான் வானத்துப் படம் சொல்லும். அது யாருடையது என்பதைச் சொல்லாது. அதற்குக் கிராம வரைபடமும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேடும் வேண்டும். தண்ணீர் ஏறாத துண்டின் சர்வே எண் பதிவேட்டில் குளம் புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது. ஒவ்வொரு படத்தின் கீழும் தேதியையும் செயற்கைக்கோளின் பெயரையும் எழுதுங்கள். மனுவில் அந்தச் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, அளந்து எல்லைக்கல் நடச் சொல்லிக் கேளுங்கள்.