கேளுங்க சொல்றோம்: நார்வே கப்பல்ல அப்படி என்ன இருக்கு?

கேள்வி: ஹுர்டிக்ருட்டன் கப்பல்ல போனவங்க திரும்பத் திரும்பப் போறாங்களாமே, கேசினோ கூட கிடையாதாமே, அப்புறம் என்னதான் இருக்கு அதுல?

பதில்: இல்லாததுதான் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு! 1893-ல தபாலும் சரக்கும் ஏத்திட்டுப் போக ஆரம்பிச்ச சர்வீஸ் இது, நார்வேயோட மேற்குக் கரையில இருக்கிற பெர்கன்ல கிளம்பி ரஷ்ய எல்லை பக்கத்துல இருக்கிற கிர்கெனெஸ் வரை 34 துறைமுகம், போயிட்டு வர 12 நாள். இன்னைக்கும் நடுராத்திரி 2 மணிக்கு ஒரு குட்டி ஊர்ல கப்பல் நிக்கும், ஃபோர்க்லிஃப்ட் வந்து சரக்கை இறக்கும், கையில ஒரே ஒரு பையோட உள்ளூர்க்காரர் ஒருத்தர் நம்ம ஊர் பஸ்ல ஏறுற மாதிரி சாதாரணமா ஏறி அடுத்த ஊர்ல இறங்கிடுவார், இதைப் பாக்கவே தூக்கத்தை விட்டுட்டு டெக்ல நிக்கிறவங்க இருக்காங்கன்னா பாத்துக்கோங்க.

ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும்போது ஒரு குட்டிப் பாறைத் தீவுல உலக உருண்டை ஒண்ணு தெரியும். அப்புறம் வட்டத்தைத் தாண்டினதைக் கொண்டாட, டெக்ல பயணிகளை வரிசையா நிக்கவெச்சு சட்டைக் காலருக்குள்ள கரண்டியால ஐஸ் தண்ணி ஊத்துவாங்க, காசு குடுத்து இந்தக் கொடுமைன்னு அலறிட்டே சிரிக்கிறாங்க. குளிர்காலத்துல வானத்துல அரோராங்கிற பச்சை வெளிச்சம் தெரிஞ்சா ராத்திரின்னு பாக்காம ஸ்பீக்கர்ல கூப்பிடுவாங்க, எல்லாரும் நைட் டிரஸ் மேலயே ஜாக்கெட்டை மாட்டிட்டு ஓடுவாங்க.

ஒண்ணு, டிக்கெட் விலை ஜாஸ்திதான். திறந்த கடல்ல கொஞ்சம் ஆடவும் செய்யும், வாந்தி மாத்திரையை மறந்துடாதீங்க.