கேளுங்க, சொல்றேன்: 10 பேர்ச் காணிக்கும் லாஸ்ட் வில் வேணுமா?

கேள்வி: அப்பா தோட்டத்துல வேலை முடிச்சு வந்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசுல டவுன் பக்கம் 10 பேர்ச் காணி வாங்கினாரு. வீட்டுல அம்மா, ரெண்டு அண்ணன், நான். லாஸ்ட் வில், அதான் மரண சாசனம், எழுதி வைங்கப்பான்னா, "அதெல்லாம் தொரைமாருக்கு, நமக்கு எதுக்கு லோயர் செலவு"ன்னு ஏசுறாரு. எழுதாட்டி என்ன ஆகும்?
- வாசகி, தலவாக்கலை

பதில்: எழுதாட்டி சட்டமே பிரிச்சு குடுத்துரும் தங்கச்சி, அதுலதான் சிக்கலே. நம்ம மலையகத்து ஆளுகளுக்கு தேசவழமைன்னு சொல்ற வழக்கச் சட்டம் கிடையாது, அது யாழ்ப்பாணத்து பக்கம், நமக்கு 1876ஆம் வருஷத்து சட்டம்தான். அதுப்படி பாதி அம்மாவுக்கு, மிச்ச பாதி புள்ளைங்களுக்கு சமமா, பொம்பளப் புள்ளைக்கும் அதே பங்கு. கணக்கு போட்டு பாருங்க, அம்மாவுக்கு 5 பேர்ச், உங்க மூணு பேருக்கும் ஆளுக்கு ஒன்றரை பேர்ச் சொச்சம். அதுல கோழிக்கூடு கட்டலாம். அதுவும் எது யாரோட துண்டுன்னு பிரிக்காம பொதுவுலயே கிடக்கும், ஒரு அண்ணன் விக்கணும்னு நின்னா பங்கு வழக்குதான், வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைச்சல், அப்ப லோயருக்கு போற காசோட பாத்தா இப்ப வில், உறுதி எழுதுற நொத்தாரிசுக்கு குடுக்குறது ஒண்ணுமே இல்ல.

சிலர் இப்பவே தானமா எழுதிருங்கம்பாங்க. சீவிய உரித்து, அதாவது அப்பா சாகுறவரைக்கும் அவரே அனுபவிக்கிற உரிமை, வச்சு எழுதலாம்தான், ஆனா ஸ்டாம்ப் காசு கட்டணும், அப்புறம் மனசு மாறினா லேசுல திருப்ப ஏலாது. லாஸ்ட் வில்ல அப்பா உசிரோட இருக்குறவரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம், அதனால என் ஓட்டு அதுக்குத்தான். தமிழ்ல எழுதுற நொத்தாரிசா பாத்து போங்க, விளங்காத பாஷையில எழுதினதுல அப்பா கையெழுத்து வைக்க வேணாம். அப்பாக்கு அப்புறம் அத கோர்ட்டுல குடுத்து நடத்துறதுக்கு ஒரு ஆள் பேரு போடணும், வெளிநாட்டுல இருக்குற புள்ளைய போடாம பக்கத்துல இருக்குற ஆள போடுங்க.

போறதுக்கு முன்னுக்கு முக்கியமான வேலை ஒண்ணு இருக்கு, பேரு. நம்ம ஆளுகளுக்கு பெர்த் சேட்டிபிகட்ல ஒரு பேரு, ஐடென்டி காட்ல ஒரு பேரு, தோட்டத்து செக்ரோல்ல (சம்பள இடாப்புல) இன்னொரு பேரு, காணி உறுதியில நாலாவதா ஒண்ணு. அப்பா போனதுக்கு அப்புறம் இந்த நாலும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்கிறது பெரும்பாடு. அவரு இருக்குறப்பவே சமாதான நீதவான் முன்னுக்கு சத்தியக்கடதாசி முடிச்சு உறுதியோட வச்சிருங்க. அம்மா அப்பா கோயில்ல தாலி கட்டினதோட சரி, பதியலன்னா அதையும் இப்பவே பதிஞ்சிருங்க, இல்லாட்டி அம்மாவோட பாதிக்கே கேள்வி வரும்.

கையில காசு இல்லன்னா சட்ட உதவி ஆணைக்குழு ஆபீஸ்ல முதல்ல போய் கேளுங்க, 1978லயே வருமானம் குறைஞ்சவங்களுக்குன்னு சட்டம் போட்டு ஆரம்பிச்சது, கூச்சப்பட ஒண்ணுமில்ல.

கேள்வி: அம்மா கொப்பி தாள்ல எழுதி பக்கத்து வீட்டு ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி வச்சிருக்காங்க. செல்லுமா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: செல்லாது தம்பி. நொத்தாரிசு இருந்தா ரெண்டு சாட்சி போதும், அவர் இல்லாட்டி அஞ்சு சாட்சி, அஞ்சு பேரும் ஒரே நேரத்துல அங்க இருக்கணும். 1840ல இருந்து இதுதான் சட்டம். சொத்து கிடைக்கப்போற ஆளையோ அவர் வீட்டுக்காரியையோ சாட்சிக்கு போடாதீங்க. இன்னொண்ணு, எழுதி வச்சதுக்கு அப்புறம் ஒரு ஆள் கல்யாணம் முடிச்சா பழைய வில் அதோட ரத்து, நிறைய பேருக்கு இது தெரியாது.

கேள்வி: நாங்க இருக்குற லயத்து காம்பராவ சின்ன மகனுக்கு எழுதலாமா? ஈபிஎஃப் காசையும் அதுலயே எழுதலாமா?
- பொகவந்தலாவ

பதில்: காம்பரா தோட்டத்தோடது, உங்க பேர்ல உறுதி இல்லாத வரைக்கும் எழுத ஒண்ணுமில்ல. ஈபிஎஃப்புக்கு வில் பாக்க மாட்டாங்க, நீங்க நாமினேஷன்ல யாரு பேரு குடுத்தீங்களோ அவங்களுக்குத்தான் காசு. கல்யாணத்துக்கு முன்னுக்கு குடுத்த பேரு இன்னும் அப்படியே கிடக்கான்னு தொழில் அலுவலகத்துல கேட்டு புது ஃபோம் நிரப்பி குடுங்க. பேங்க் புத்தகத்துக்கும் நாமினேஷன் குடுத்திருந்தா அப்படித்தான்.