மாந்துவாவுக்குப் போன ரஃபேலின் சீடர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய ஓவியர் ரஃபேல் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜூலியோ ரொமானோவுக்கு ஒரே வரிதான்: "பிறகு மாந்துவா அரசவைக்குப் போய்விட்டார்." ரோமில் போப்பின் அரண்மனைச் சுவர்களை வரைந்தவர், வட இத்தாலியின் ஒரு சின்ன ஊரின் பிரபுவுக்காக வாழ்நாளின் மிச்சத்தைக் கொடுத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது திறமையை வீணாக்கியது ஆகாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1520இல் ரஃபேல் இறந்தபோது வத்திக்கானின் கான்ஸ்டன்டைன் மண்டபம் பாதியில் நின்றது. ரஃபேலின் இன்னொரு சீடரான பென்னியுடன் சேர்ந்து அதை முடித்துக்கொடுத்தவர் ஜூலியோ. அந்த ரோமில் அவர் என்றைக்கும் ரஃபேலின் சீடர்தான். 1524இல் எழுத்தாளரும் தூதருமான பால்தஸாரே காஸ்டிலியோனே அவரை மாந்துவாவுக்கு அழைத்துவந்தார். அதே ஆண்டு ஜூலியோ வரைந்த காமப் படங்களை அச்சிட்டதற்காகச் செப்புத்தகட்டுச் செதுக்குக் கலைஞர் மார்க்கந்தோனியோ ரைமோந்தி சிறைக்குப் போனார். அதற்குப் பயந்துதான் ஜூலியோ ஊரைவிட்டு ஓடினார் என்பவர்கள் உண்டு. சுவையான கதைதான். ஆனால் மாந்துவாவின் பிரபு ஃபெதரிகோ கொன்ஸாகா அவரை முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

அரசவைக் கலைஞர் என்றதும் நாம் கைகட்டி நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்கிறோம். அதிலும் உண்மை இருக்கிறது. வெள்ளிப் பாத்திரம் முதல் விழாத் தோரணம் வரை எல்லாவற்றுக்கும் ஜூலியோதான் வரையவேண்டும். ஃபெதரிகோவின் பெண் நாய் பிரசவத்தில் செத்தபோது அதற்குப் பளிங்குக் கல்லறை வடிவமைக்கச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. வேலை தாமதமானால் சினந்து எழுதுவார்கள். முடியும்வரை என்னை அந்த அறையிலேயே பூட்டிவையுங்கள் என்று இவர் பதில் எழுதுவார்.

இனி மறுபக்கம். வந்த இரண்டே ஆண்டில், 1526இல், கொன்ஸாகாக்களின் கட்டடங்கள் அனைத்தும் அவர் பொறுப்புக்கு வந்தன. ஊரின் தெருக்களும் அவர் அதிகாரத்தின்கீழ் வந்தன. மாந்துவா ஏரிகளுக்கு நடுவே கிடக்கும் தாழ்ந்த ஊர், எங்கும் சேறு. தெருக்களை மேடாக்கி அதை மனிதர் வாழும் இடமாக்கியவர் ஜூலியோ என்கிறார், அக்காலக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி. ரோமில் எந்தக் கலைஞர் கையில் ஒரு முழு ஊரைக் கொடுத்தார்கள்?

ஃபெதரிகோவுக்காக ஜூலியோ கட்டிய தே அரண்மனையையே பாருங்கள். ஊருக்கு வெளியே குதிரை லாயங்கள் இருந்த இடம். எப்போதாவது போய்ச் சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்றுதான் ஃபெதரிகோ தொடங்கினார். அது பத்தாண்டு வேலையாக வளர்ந்தது. அங்கே நல்ல கல் கிடைக்காது. செங்கல்லை அடுக்கிச் சாந்து பூசி, பெரிய கற்களால் கட்டியதுபோலக் காட்டினார். முற்றத்தில் தூண்களுக்கு மேலே ஓடும் பட்டையில், மூன்று கோடு செதுக்கிய கற்கள் ஆங்காங்கே நழுவிக் கீழே இறங்கி நிற்கும். புதிதாகப் பார்ப்பவர் கட்டடம் சரிகிறது என்றே நினைப்பார். ரோமானிய இலக்கணத்தை ரஃபேலிடம் கரைத்துக் குடித்தவர் வேண்டுமென்றே செய்த குறும்பு அது. உள்ளே அரக்கர்களின் அறையில் சுவருக்கும் கூரைக்கும் இடையே எல்லையே இல்லை. மூலைகளை வளைத்துப் பூசி, நான்கு பக்கமும் பாறைகளும் தூண்களும் அரக்கர்கள்மேல் இடிந்து விழுவதாக ஓவியம். இந்த விளையாட்டுக்கு, ரசிக்கத் தெரிந்த ஒரே ஒரு எஜமானர் போதும். போப்பின் அவையில் எத்தனை கர்தினால்களைச் சம்மதிக்கவைக்கவேண்டியிருக்கும்!

1540இல் ஃபெதரிகோ இறந்தார். பிறகு ஆட்சியைக் கவனித்த அவர் தம்பி கர்தினால் எர்கோலே, ஜூலியோவை விடவில்லை. இந்த நாட்டுக்கு என்னைவிட அவர்தான் உரிமையாளர் என்று வசாரியிடமே சொன்னாராம். போ நதிக்கு அப்பால் சான் பெனதெத்தோ மடாலயக் கோவில், பிறகு ஊரின் பேராலயம் என்று வேலைகள் தொடர்ந்தன.

உங்கள் வருத்தத்துக்கு நான் இடம் தருவது கடைசி ஆண்டில் மட்டும்தான். 1546இல், ரோமின் புனித பேதுரு ஆலயத்தின் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்த சங்கால்லோ இறந்ததும், அந்தப் பதவிக்கு ரோமிலிருந்து ஜூலியோவை அழைத்தார்கள். போக அவருக்கு ஆசை இருந்தது. கர்தினாலும் மனைவியும் தடுத்தார்கள், அதற்குள் நோயும் வந்துவிட்டது. நவம்பர் 1ஆம் தேதி மாந்துவாவில் இறந்தார். அந்தப் பதவி மைக்கேலாஞ்சலோவுக்குப் போயிற்று.