80 லட்சம் கடனில் ரேடியாலஜி வேண்டாம், ஐயா

கரூர்ப் பக்கமிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியான சி.ஆர்.ஆர்.ஐ.யும் முடித்துவிட்டார். மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வில் வாங்கிய ரேங்க் அரசுக் கல்லூரி ரேடியாலஜிக்கு எட்டாது. மைத்துனர் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் பேசி வைத்திருக்கிறார். 80 லட்சம் வங்கிக் கடன், மீதிக்கு நிலத்தை விற்கலாம் என்கிறார். மகளோ, புற்றுநோயாளிகள் ஏன் முற்றிய பிறகு வருகிறார்கள், வந்தவர்கள் ஏன் பாதியில் நின்றுபோகிறார்கள், அதைச் சரிசெய்யும் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறார். “அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா சார்?”

இருக்கிறது ஐயா. உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மைத்துனர் போட்ட கணக்கு தப்பு. 80 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 1,10,000 ரூபாய். படிக்கும் மூன்று ஆண்டும் வருடத்துக்கு 8.8 லட்சம் வட்டி ஏறுவது தனி. அந்தத் தவணையைக் கட்டுவதற்காகவே, பிடிக்காத துறையில் உங்கள் மகள் இரவும் பகலும் ஸ்கேன் படித்துக்கொண்டிருப்பார். நிலத்தை விற்காதீர்கள்.

புற்றுநோய்த் துறையில் அறுவைக்கு எம்.எஸ்., பிறகு எம்.சிஹெச்.; மருந்துச் சிகிச்சைக்கு எம்.டி., பிறகு டி.எம். இவை எல்லாருக்கும் தெரிந்த பாதைகள், விட்டுவிடுகிறேன். நான் சொல்வது எம்.டி. சமூக மருத்துவம். ஒரு நோயாளியை மட்டும் பார்க்காமல், ஓர் ஊரின், மாவட்டத்தின் நோயைத் தடுப்பதைப் பார்க்கும் துறை. மாணவர்கள் பி.எஸ்.எம். (பிரிவென்டிவ் அண்ட் சோஷியல் மெடிசின்) என்பார்கள். “வேறெதுவும் கிடைக்காதவன் எடுப்பது” என்று உறவினர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மகள் கேட்கும் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடும் துறை இதுதான்.

திண்டுக்கல் மாவட்டத்தையே பாருங்கள். 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுவரை உள்ள கிராமத்துப் பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, கோளாறைக் காட்டும் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனைதான். கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான்! யாரை அழைப்பது, திட்டு தெரிந்தவரை யார் சிகிச்சைவரை கொண்டுபோவது, அவர் வரவில்லையென்றால் யார் வீட்டுக்குப் போவது என்ற ஏற்பாடுதான் உயிர்களைக் காத்தது. முகாம் போட்டுவிட்டு இந்தத் தொடர்ச்சியை விட்டால், பரிசோதித்தும் பயனில்லை.

சிகிச்சைக்கு வந்தபிறகும் இதே கதை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வழக்கமாக வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு 25 முறை, வாரத்துக்கு ஐந்து நாள்; கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து; அதன்பின் உள்ளே கருவி வைத்துக் கதிர்வீச்சு தரும் பிராக்கிதெரபி. எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுக்க இழுக்க நோய் அடங்கும் வாய்ப்பு குறையும். எதனால் இழுக்கிறது? ரத்தம் குறைந்து ஏற்ற வேண்டியிருக்கும், மெஷின் பழுதாகும், அறுவடை வரும், துணைக்கு வந்த மகன் வேலைக்குத் திரும்பிவிடுவான், பஸ் செலவுக்குக் காசு இருக்காது. நோயாளி வராத நாளன்று மாலைக்குள் ஒரு போன் போக வேண்டும், காரணம் பதிவேட்டில் ஏற வேண்டும், எந்தக் காரணம் அதிகம் என்று மாதந்தோறும் பார்த்து அதைத் தீர்க்க வேண்டும். இதற்கென்று ஒரு மருத்துவர் உட்கார வேண்டும். உங்கள் மகள் உட்கார விரும்பும் நாற்காலி அதுதான்.

எங்கே படிப்பது என்பதில் கறாராக இருங்கள். சமூக மருத்துவத் துறையும் புற்றுநோய்ப் பிரிவும் ஒரே வளாகத்திலோ கைக்கெட்டும் தூரத்திலோ இருக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமும் உண்டு, இந்த எம்.டி.யும் உண்டு, அதில் சேருவதற்கான ஐ.என்.ஐ. செட் நுழைவுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, கட்டணமும் மிகக் குறைவு. வேலூர் சி.எம்.சி.யில் இந்தத் துறைக்கு பாகாயத்தில் சொந்தமாகவே ‘சாட்’ மருத்துவமனை இருக்கிறது. வகுப்பறையும் கரும்பலகையும் மட்டும் இருக்கும் துறையில் சேர்ந்தால் மூன்று வருடம் வீண்.

ஆய்வேட்டுத் தலைப்பை முதல் ஆறு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டிவரும். காலதாமதத்தை எடுக்கச் சொல்லுங்கள். 150 நோயாளிகள் போதும்: அறிகுறி தெரிந்த நாள், முதல் மருத்துவரைப் பார்த்த நாள், பயாப்சி மாதிரி சேர்ந்த நாள், ரிப்போர்ட் வந்த நாள், காப்பீட்டு அனுமதி கிடைத்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள். எந்த இரண்டு தேதிக்கு நடுவில் வாரக்கணக்கில் ஓடுகிறது என்று பளிச்சென்று தெரியும். முதல் தேதிதான் சிக்கல், யாருக்கும் நினைவிருக்காது. “பொங்கலுக்கு முன்னாடியா, பள்ளிக்கூடம் திறந்த பிறகா?” என்று கேட்டால் சொல்வார்கள். மருத்துவமனைக்கே வராதவர்கள் இந்தக் கணக்கில் விடுபடுவார்கள். அவர்களையும் பிடிக்க, ஒரு பகுதியின் புற்றுநோயாளிகள் எல்லாரையும் எழுதிவைக்கும் பதிவேடு வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சென்னைக்கு 1982 முதல் நடத்திவரும் பதிவேட்டில் ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டு எடுக்கிறார்கள். அந்த வேலையை மகள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். படிப்புக்குள்ளேயே மூன்று மாத மாவட்டப் பணி கட்டாயம் உண்டு. அதைக் கையெழுத்துக்காகக் கழித்துவிடாமல், மாவட்டப் புற்றுநோய்ப் பரிசோதனையில் செலவிடட்டும்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தனியாகக் கிளினிக் வைத்துச் சம்பாதிக்கும் துறை இல்லை இது. ஆசிரியர் பணி, பொதுச் சுகாதாரத் துறை, ஆய்வுத் திட்டங்கள் என்று மாதச் சம்பளம்தான். ரேடியாலஜி நண்பரைவிடக் குறைவாகவே வரும். ஆனால் கடன் இருக்காது. நோயாளியைத் தன் கையால் பார்த்தே தீர வேண்டும் என்று மகளுக்குத் தோன்றினால், மூன்றாண்டு எம்.டி. கதிர்வீச்சுப் புற்றுநோயியலை இரண்டாவதாகப் பார்க்கலாம். அதை மகள் சொல்ல வேண்டும், நீங்களோ மைத்துனரோ அல்ல.

கவுன்சலிங்கில் “எதற்கும் இருக்கட்டும்” என்று நிகர்நிலை ரேடியாலஜியைப் பட்டியலில் போடாதீர்கள். அதற்கு 2 லட்சம் வைப்புத்தொகை கட்ட வேண்டும். இரண்டாம் சுற்றில் இடம் ஒதுக்கி நீங்கள் சேராவிட்டால் அது போய்விடும். போட்ட பணத்துக்காகவே சேர்ந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. லாகின் பாஸ்வேர்டு மைத்துனரிடம் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். பட்டியலை மகளே நிரப்பட்டும், லாக் பொத்தானையும் அவரே அழுத்தட்டும்.