பழைய பைக்கை நம்பித் தினமும் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: என் சித்தப்பா தன்னுடைய பதினெட்டு வருடப் பழைய பைக்கை எனக்குக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். 125 சிசி, கார்புரேட்டர் வண்டி. மூன்று வருடமாக ஓட்டாமல் நிற்கிறது. "இன்ஜினில் கையே வைக்கவில்லை, ஒரு குறையும் கிடையாது" என்கிறார். அலுவலகம் 16 கிலோமீட்டர். தினமும் போய்வர இது தாங்குமா? இல்லை, கடன் போட்டுப் புது வண்டி எடுத்துவிடலாமா?

பதில்: போக வர 32 கிலோமீட்டர் என்பது 125 சிசி இன்ஜினுக்குப் பெரிய வேலையே இல்லை. காலாகாலத்தில் ஆயில் மாற்றியிருந்தால் பதினெட்டு வயதிலும் நன்றாகவே ஓடும். எனக்குக் கவலை தருவது அந்த மூன்று வருட நிறுத்தம்தான். ஓடிக்கொண்டிருக்கிற பழைய வண்டியில் எங்கே கோளாறு என்று ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கும். நின்றுபோன வண்டியில் பல இடங்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போயிருக்கும். நீங்கள் ஓட்டத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

பழைய வண்டி வாங்குகிற எல்லோரும் முதலில் இன்ஜின் சத்தத்துக்குத்தான் காது கொடுக்கிறார்கள். சித்தப்பா சொன்னதும் இன்ஜினைப் பற்றித்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது ரப்பரை. அப்புறம் கேபிள், வயர். இன்ஜின் மக்கர் செய்தால் பெரும்பாலும் வண்டி ஓரமாக நின்றுவிடும், நீங்கள் தள்ளிக்கொண்டு வருவீர்கள். டயரோ பிரேக்கோ கைவிட்டால் கீழே விழுவது நீங்கள்.

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையைத் தேடுங்கள். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம்தான் டயரின் பிறந்த தேதி. 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் கடந்த டயரை வருடம் ஒருமுறையாவது கவனமாகப் பரிசோதிக்க வேண்டும்; பத்து வருடமானால் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். பல டயர் நிறுவனங்களே இப்படித்தான் சொல்கின்றன. நின்ற வண்டியில் பட்டன் புதிதாகவே தெரியும், ஆனால் ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். ஈரச் சாலையில் அந்த டயர் பிடிக்காது. டியூப் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

முன்னால் டிஸ்க் பிரேக் என்றால், எண்ணெய் குறையாமல் இருந்தாலும் மாற்றுங்கள். டிஓடி 3, டிஓடி 4 வகை பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகி லீவர் கைக்குத் தளர்ந்துபோகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் முறை. டிரம் பிரேக் என்றால் பெரும்பாலான வண்டிகளில் பிரேக் தகட்டில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்க அழுத்தும்போது அது எல்லைக்கோட்டைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது.

அடுத்தது கிளட்ச் கேபிள். லீவரை அழுத்திப் பிடித்து, கேபிள் லீவருக்குள் நுழையும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். முனையிலிருக்கும் ஈயக் குண்டுக்குப் பக்கத்தில் ஓர் இழை அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கேபிளை நம்பி மறுநாள் கிளம்பாதீர்கள். மற்ற இழைகளும் சீக்கிரம் போய்விடும், அதுவும் நெரிசலில் அடிக்கடி கிளட்ச் பிடிக்கும்போதுதான் போகும். புதுக் கேபிள் மாட்டும்போது இன்னொன்றும் வாங்கி, பழைய கேபிள் போன வழியிலேயே புதியதோடு சேர்த்து ஓட்டி, இரண்டு முனையையும் டேப் சுற்றி வைத்துவிடுங்கள். வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் முனையை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பலாம். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களின் பழைய பழக்கம் இது. தினசரி ஓட்டத்துக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

பெட்ரோல் விஷயத்துக்கு வருவோம். மூன்று வருடம் கிடந்த பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரின் சின்ன ஜெட் துளையை அடைத்திருக்கும். சோக் போட்டால் மட்டும் ஓடுவதும், சோக்கை எடுத்ததும் அணைந்துபோவதும் இதனால்தான். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். டேங்கின் உள்ளே டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பார்க்காமல் இதைச் செய்யாதீர்கள். உள்ளே துரு இருந்தால் சுத்தம் செய்த கார்புரேட்டர் திரும்ப அடைத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கும் இடத்தில் இருக்கிறீர்கள் என்றால், பழைய பெட்ரோல் ஹோஸையும் கார்புரேட்டர் ரப்பர் வளையங்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பி, பிறகு கசியத் தொடங்கும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டில்லை.

பேட்டரி எப்படியும் போயிருக்கும். புதியது மாட்டியபின் மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம், இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கும்போது 13.5 முதல் 14.5 வரை. 15-ஐத் தாண்டினால் பேட்டரிக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது; புது பேட்டரியையும் அது கொன்றுவிடும்.

சரி, வாங்கலாமா? அந்த மாடலுக்குப் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கிறது என்றால் வாங்குங்கள். வண்டி விலைக்குமேல் பாதித் தொகையையாவது முதல் வேலைகளுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். டயர், பிரேக், கேபிள், பேட்டரி, செயின் செட் எல்லாம் முடிந்தபின் இரண்டு வாரம் அவசரமில்லாத வேலைகளுக்கு ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகு அலுவலகத்துக்கு எடுங்கள். வண்டி மெக்கானிக்கிடம் நிற்கும் நாளில் பேருந்திலோ ரயிலிலோ போக வழி உண்டா என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். அப்படி வழியே இல்லை, ஒரு நாள் தாமதமானாலும் வேலைக்கு ஆபத்து என்றால் புது வண்டிதான் உங்களுக்குச் சரி. அங்கே நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் நிம்மதிக்கான விலை. ஏபிஎஸ், அதாவது திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு வேண்டும் என்று நினைத்தாலும் அதேதான். அந்தக் காலத்து 125 சிசி வண்டியில் அதை எதிர்பார்க்க முடியாது, பின்னால் சேர்ப்பதும் நடைமுறையில் ஆகாத காரியம்.

கேள்வி: பாகங்கள் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கடையில் போய் மூன்றே மூன்று பொருளைக் கேளுங்கள்: கிளட்ச் பிளேட், கார்புரேட்டர் ரிப்பேர் கிட், சிடிஐ யூனிட் (ஸ்பார்க் பிளக்கில் பொறி வரவைக்கும் மின்னணுப் பெட்டி). மூன்றும் கையிருப்பில் இருந்தால் பயப்பட வேண்டாம். சிடிஐ-க்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றால் அந்த வண்டி ஞாயிற்றுக்கிழமை ஓட்ட மட்டும்தான். அதிகம் விற்ற மாடல் என்றால் பாகம் செய்கிறவர்களும் விடமாட்டார்கள். 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வகை 2017-க்குள் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டிவிட்டது; அதில் பழைய மாடல்களுக்குக்கூட இன்றும் பாகம் கிடைப்பதற்கு அந்த எண்ணிக்கைதான் காரணம். அபூர்வமான வண்டி பார்க்க அழகு, ஆனால் தினசரி வேலைக்குச் சுமை.

கேள்வி: பதினைந்து வருட வண்டி, மீட்டரில் 21,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: மீட்டரை விட்டுவிட்டு, கையும் காலும் படும் இடங்களைப் பாருங்கள். கால் வைக்கும் ரப்பர், கியர் லீவர் முனை, கைப்பிடி, பிரேக் மிதியின் ஓரம். 21,000 ஓடிய வண்டியில் இவை வழவழவென்று தேய்ந்திருக்காது. எல்லாமே புத்தம் புதிதாக மாற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் போய்ச் சேரும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். "சூடாக்கி வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிர்ந்த வண்டிதான் உண்மையைச் சொல்லும். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம், அது சமாளிக்கக்கூடியது. ஓட்டும்போது முறுக்க முறுக்க நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படுங்கள். இன்ஜினைப் பிரிக்கும் செலவு வரும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் உட்காருவதுபோலத் தட்டினால் ஹேண்டில் பேரிங் போயிருக்கிறது. சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவுச் சான்றோடு பொருந்தாவிட்டால், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு அலுவலகம் மூன்று கிலோமீட்டர்தான். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளையாகக் குழம்பு போல ஒட்டியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: காற்றில் குளிரும் இன்ஜின் என்றால் அது பெரும்பாலும் உள்ளே படிந்த ஈரம்தான். மூன்று கிலோமீட்டரில் இன்ஜின் சரியாகச் சூடாவதில்லை. அதனால் நீர் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலோடு கலக்கிறது. வாரம் ஒருநாள் நிறுத்தாமல் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள், ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள். மாற்றும்போது டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்; கிளட்ச் ஆயிலிலேயே ஊறியிருக்கும் பைக்குகளுக்கு ஏற்றது என்பதற்கான குறி அது. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

கேள்வி: பழைய பைக்கில் ஹெட்லைட் மங்கல். எல்இடி பல்பு போட்டால் போதுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வராது, இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவிலிருந்து ஏசி-யாக (மாறுமின்னோட்டமாக) நேரே வரும். பேட்டரி தரும் டிசி-க்கென்று (நேர்மின்னோட்டத்துக்கென்று) செய்த எல்இடி அதில் மினுக்கும், இல்லை சீக்கிரம் போய்விடும். முதலில் எர்த் வயர் சேரும் இடத்தைச் சுரண்டித் துரு நீக்குங்கள், ஸ்விட்சின் உள்ளே சுத்தம் செய்யுங்கள், பல்புக்குப் பின்னாலிருக்கும் கிண்ணத்தின் பளபளப்பு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிந்திருந்தால் எந்தப் பல்பு போட்டும் வெளிச்சம் சாலைக்கு வராது. கிண்ணத்தோடு மாற்ற வேண்டியதுதான்.