ரிங்கை முறுக்கும் முன்: ஏடிவி பீட்லாக் ரிம் கேள்வி பதில்

சேர்வராயன் மலையில் மழை விட்டதும் எங்கள் பட்டறைக்கு வரும் ஏடிவிகளில், அதாவது காட்டுப் பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டிகளில், பாதிக்கு ஒரே புகார்தான்: பீட்லாக் போட்டும் காற்று நிற்கவில்லை. கேட்டவர்களின் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே கொடுத்திருக்கிறேன்.

நாகலூர், காப்பித் தோட்டக்காரர்: அண்ணா, பீட்லாக் போட்டால் காற்றே இறங்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். காலையில் காற்றழுத்தம் 6 பிஎஸ்ஐ வைத்தால் மறுநாள் 3 தான் இருக்கிறது. ரிங் போல்ட்டையெல்லாம் இறுக்கி முறுக்கிப் பார்த்துவிட்டேன், பலன் இல்லை.

முறுக்குவதை முதலில் நிறுத்துங்கள் தம்பி. விற்றவர் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார். பீட்லாக் வேலை என்னவென்றால், காற்று குறைவாக இருக்கும்போது டயர் ஓரம், அதாவது பீடு, ரிம்மை விட்டுக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது. உங்கள் ரிம் மாதிரி பெரும்பாலான ரிம்களில் வெளிப்பக்கம் மட்டும்தான் பீடை ரிம்மோடு போல்ட் போட்டு இறுக்கும் ரிங். உள்பக்க பீடை இறுக்கிப் பிடிக்க போல்ட் எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் காற்றுதான் அதை ரிம் ஓரத்தோடு அழுத்தி வைக்கிறது. கார் டயரில் 30 பிஎஸ்ஐ அழுத்துகிறது, உங்கள் வண்டியில் அழுத்துவது 5, 6. பீட்லாக் இருக்கிற தைரியத்தில்தான் நாம் காற்றைக் குறைக்கிறோம், அதன் பாரத்தை உள்பக்க பீடு சுமக்கிறது. என்னிடம் வரும் பத்து சக்கரத்தில் ஆறு, ஏழு உள்பக்கம்தான் கசியும்.

சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போடுங்கள். ஷாம்பு கலந்த தண்ணீரை ரிம் ஓரம் முழுக்க ஊற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பெரிய கசிவு உடனே கொப்புளம் விடும். ஒரு ராத்திரியில் 3 பிஎஸ்ஐ தின்னும் கசிவு அப்படித் தெரியாது. பத்து நிமிடம் கழித்து ஓர் இடத்தில் மட்டும் தவளை முட்டை மாதிரி வெள்ளை நுரை குவிந்திருக்கும், அதுதான் இடம். அங்கே டயரிலும் ரிம்மிலும் சாக்பீஸால் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கமும், வால்வையும் பாருங்கள். இரண்டு இடத்தில் கசியும் சக்கரமும் உண்டு.

அதே தோட்டக்காரர்: நீங்கள் சொன்னது போலவே உள்பக்கம்தான் நுரை வந்தது. இனி?

காற்றை முழுக்க இறக்கி, வால்வு பின்னையும் எடுத்துவிட்ட பிறகுதான் ரிங் போல்ட்டில் கை வைக்க வேண்டும். இதில் மட்டும் சமாதானம் கிடையாது. காற்று இருக்கும்போது ரிங்கைத் தளர்த்தினால் கடைசிப் போல்ட்டுகள் மரையைப் பிய்த்துக்கொண்டு தெறிக்கும்.

டயரைக் கழற்றியதும் சாக்பீஸ் கோட்டுக்கு நேரே ரிம்மைப் பாருங்கள். பெரும்பாலும் செம்மண் பசையாக ஒட்டியிருக்கும், அதன் அடியில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கும். உர மூட்டை ஏற்றும் வண்டியென்றால் சீக்கிரமே பூக்கும். கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். அதை 220 நம்பர் எமரி பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், பளபளப்பு வேண்டாம், வழவழப்பு போதும். கம்பி பிரஷ்ஷை டிரில்லில் மாட்டித் தேய்க்காதீர்கள், அது போடும் கோடுகளே காற்றுக்கு வழியாகிவிடும். டயர் பீடையும் ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். புது டயர் என்றால் அச்சில் வந்த மெல்லிய ரப்பர் பிசிறு நிற்கும், அதையும் தேய்த்து எடுக்க வேண்டும்.

பஞ்சர் கடைகளில் கிடைக்கும் கறுப்பு பீடு சீலரை மெல்லிசாக ஒரு கை தடவி மாட்டலாம். கிரீஸ் மட்டும் வேண்டாம். அது காயாது, பீடு வழுக்கிச் சுற்றும்.

குப்பனூர்: சார், ரிங் பக்கமே கசிகிறது. போல்ட்டை இம்பாக்ட் கன்னில்தான் முறுக்கினேன். ஒரு பக்கம் ரிங் ரிம்மோடு ஒட்டிவிட்டது, எதிர்ப்பக்கம் இடைவெளி தெரிகிறது.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது சார். வரிசையாகச் சுற்றிக்கொண்டே முறுக்கியிருப்பீர்கள். முதலில் முறுக்கிய பக்கம் ரப்பர் நசுங்கி, டயர் எதிர்ப்பக்கம் தள்ளிப்போயிருக்கும்.

ரிங் பக்கம் மேலே பார்க்க வைத்து, பீடு ரிம்மின் படியில் சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். எல்லாப் போல்ட்டையும் கையாலேயே பிடிக்கும்வரை திருகுங்கள். அப்புறம் ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று. நாலைந்து முறை இப்படிப் போக வேண்டும், கடைசிச் சுற்று டார்க் ரெஞ்சில், அதாவது முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பானரில். எவ்வளவு டார்க் என்பதை ரிம்மோடு வந்த தாளில் பாருங்கள், ரிம்முக்கு ரிம் மாறும். இவை கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத சின்னப் போல்ட்டுகள், சக்கர நட்டுக்கு வைக்கும் பலத்தை இதில் வைத்தால் அலுமினிய மரை போய்விடும். ஸ்டீல் போல்ட் அலுமினியத்தில் பிடித்துக்கொள்ளாமல் இருக்க மரையில் ஆன்ட்டி சீஸ் பசை துளி தடவலாம், ஆனால் தடவிய மரை லேசாகச் சுற்றும், அதையும் கணக்கில் வைத்து முறுக்குங்கள்.

கன்னில் முறுக்கிய ரிங் கோணியிருக்கவும் வாய்ப்பு உண்டு. வீட்டில் கிரானைட் சமையல் மேடை இருந்தால் ரிங்கைக் கழுவி அதன்மேல் வைத்து ஒரு ஓரத்தைத் தட்டுங்கள். டக் டக்கென்று ஆடினால் மாற்ற வேண்டியதுதான். (வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பில்லை.)

அயோத்தியாபட்டணம்: அண்ணே, ஏற்காட்டில் ராத்திரி 5 பிஎஸ்ஐ வைத்து, விடிகாலையில் குட்டியானையில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தேன். நாலு டயரிலும் 3 பக்கம்தான் காட்டுகிறது. நாலும் ஒரே நேரத்தில் கசியுமா?

கசியாது. நாலும் ஒரே அளவு குறைந்திருக்கிறது என்றாலே சந்தேகம் டயர் மேல் போகக் கூடாது. கேஜ் காட்டுவது உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 12.3 பிஎஸ்ஐ. சேலம் 300 மீட்டருக்கும் கீழே, இங்கே 14.2. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் வெளிக்காற்று கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ கூடிவிடுகிறது, கேஜில் அது அப்படியே குறைந்து தெரியும். வெயில் ஏறி டயர் 20 டிகிரியிலிருந்து 36 டிகிரிக்குப் போனால் உள்காற்று விரிந்து அதில் பாதி திரும்ப வரும், 4 காட்டும். மத்தியானம் இங்கே 5 வைத்து மேலே போனால் தலைகீழ், கிட்டத்தட்ட 6 காட்டும்.

கார் டயரில் 30க்கு 2 போனால் யாரும் கவனிப்பதில்லை. ஐந்தில் இரண்டு போனால் கண்ணில் படத்தானே செய்யும்? எங்கே ஓட்டப்போகிறீர்களோ அங்கே வைத்து அளந்து நிரப்புங்கள். பங்க் கேஜில் 5 பிஎஸ்ஐயை நம்ப முடியாது, 0 முதல் 15 வரை காட்டும் சின்ன கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குட்டை, தோட்டம் பார்த்துக்கொள்ளும் பெண்மணி: டயருக்குள் ஊற்றும் சீலன்ட் ஊற்றினால் போதாதா அண்ணா? இல்லை, டியூப் போட்டுவிடலாமா?

முள் குத்திய ஓட்டைக்கு சீலன்ட் நல்ல மருந்தும்மா. பீடு கசிவுக்கு அது நாலு நாள் தாங்கும். வண்டி ஓடும்போது திரவம் நடுத் தடத்துக்குத்தான் ஓடும், ஓரத்துக்கு ஒழுங்காகப் போகாது. பிறகு நான் டயரைக் கழற்றினால் பச்சைக் கூழ் கொட்டும், ரிம்மைத் துடைக்கவே அரை மணி நேரம். டியூப், காட்டுக்குள் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர மட்டும். குறைந்த காற்றில் உள்பக்க பீடு கொஞ்சம் நகர்ந்தாலும் டியூப் மடிந்து தேயும்.

ஓமலூர்: நுரை வால்வு அடியில் வருகிறது.

சந்தோஷப்படுங்கள், எல்லாவற்றிலும் மலிவான வேலை இதுதான். வால்வை ஆட்டிப் பாருங்கள், நுரை கூடினால் அடி ரப்பர் வெடித்திருக்கிறது, முழு வால்வையும் மாற்றுங்கள். வாயில் மட்டும் கொப்புளம் வந்தால் பின்னை மாற்றினால் போதும். மூடி இல்லாமல் சேற்றில் ஓட்டாதீர்கள்.

சேலம், கல்லூரி மாணவர்: உள்பக்க பீடு உட்காரவே மாட்டேன் என்கிறது. பெட்ரோல் தெளித்துப் பற்றவைக்கும் வீடியோ பார்த்தேன்...

வேண்டாம் தம்பி. டயர் நடுவில் சுற்றி ஒரு லாரிக் கயிற்றுப் பட்டையைக் கட்டி இறுக்குங்கள், பக்கங்கள் விரிந்து பீடு ரிம்மைத் தொடும். வால்வு பின்னை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரசர் காற்றை ஒரேயடியாக விடுங்கள். பீடு தொட்டதும் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். டக்கென்று சத்தம் வரும். டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள், குனிந்து பார்த்துக்கொண்டும் நிற்காதீர்கள்.

அதே மாணவர்: எல்லாம் செய்து தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். ரிம் நடுவில், வெல்டிங் தையலில் ஊசிமுனைக் குமிழி வருகிறது.

வெட்டி ஒட்டிய ரிம்மில் இது சகஜம். எம்-சீலை அப்பிக் கொண்டுவருகிறார்கள், அடுத்த கல்லில் இடித்ததும் விட்டுவிடும். ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்து, டயரைக் கழற்றிய பிறகு, உள்பக்கத்திலிருந்து அடைக்கச் சொல்லுங்கள். விரிசல் ஒரு விரல் நீளம் ஓடியிருந்தால் அடைக்க வேண்டாம், அந்த ரிம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

நாகலூர்க்காரர் மறுபடி: தேய்த்து, சீலர் தடவி மாட்டிவிட்டேன். மூன்று நாளாக 6 அப்படியே நிற்கிறது. இனி எப்போது பார்க்க வேண்டும்?

முதல் முறை ஓட்டி வந்ததும் ரப்பர் அமுங்கியிருக்கும், அன்றைக்கே ரிங் போல்ட்டை ஒரு சுற்று டார்க் ரெஞ்சில் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் ரிங்குக்குப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கழுவும்போது கோடு விலகியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும், ஸ்பானர் எடுக்க வேண்டிய வேலை இல்லை.